கண்ணாடித்தாள் கண்ட பிராண்டன்பெர்கர்

நுழையும் முன்

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய், காற்றுப்பட்டால் மணம் இழக்கும். பாலக்காட்டுக் கடைத்தெருவில் விற்கும் நேந்திரங்காய் வறுவல், ஈரம் பட்டால் நமத்துப்போகும். இவற்றைக் காக்க உறை வேண்டும். ஆயினும், பொருள் தீர்ந்தபின் அவ்வுறை மண்ணுக்குச் சுமையாகாமல் மக்குதல் வேண்டும். காத்தல், மக்குதல் என்னும் இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைதல் அரிது. அவ்வரிய முயற்சிக்கு வழிகோலிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

ஜாக் எட்வின் பிராண்டன்பெர்கர், சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் 1872ஆம் ஆண்டு பிறந்தார். பெர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, 1895இல், தம் 22ஆம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிரான்சு நாட்டிற்குச் சென்று, துணி வெளுத்துச் சாயமிடும் ஆலைகளில் பணியாற்றினார்.

கறையில் பிறந்த எண்ணம்

1900ஆம் ஆண்டளவில் அவர் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தார். அருகிலிருந்தவர் கைதவறிச் சிந்திய திராட்சை மது, மேசைவிரிப்பில் கறையாகப் படர்ந்தது. கறை ஒட்டாத துணியைச் செய்ய இயலுமா என்னும் எண்ணம் அவருக்கு அப்பொழுது தோன்றியது என்பர்.

அக்காலத்தில் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் என்னும் குழம்பு உருவாக்கப்பட்டு வந்தது. மரக்கூழிலுள்ள செல்லுலோஸை எரிசோடாவும் கார்பன் டைசல்பைடும் சேர்த்துக் கரைத்தால், தேன்போன்ற இக்குழம்பு கிடைக்கும். பிராண்டன்பெர்கர் அதனைத் துணிமேல் பூசிப் பார்த்தார். துணியோ விறைத்துப் பயனற்றதாயிற்று. ஆனால், துணிமேல் படிந்த பூச்சு மெல்லிய ஏடாக உரிந்து வந்தது. அதனூடே மறுபுறம் தெளிவாகத் தெரிந்தது. தேடியது கிட்டவில்லை, தேடாதது கைக்கு வந்தது. துணியை விடுத்து, அந்த ஏட்டையே ஆராயத் தொடங்கினார்.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

குழம்பை ஒரு நீண்ட மெல்லிய பிளவின் வழியே அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால், அது மீண்டும் செல்லுலோஸாகித் தாள்வடிவில் உறையும். இதற்கான பொறியை அவர் 1908இல் அமைத்தார். முதலில் கிடைத்த தாள் தடித்தும் எளிதில் முறிந்தும் போயிற்று. மனந்தளராது முயன்று, 1912இல் மெல்லிய, வளையும் தாளை உருவாக்கினார். செல்லுலோஸ் என்னும் சொல்லோடு, ஒளி ஊடுருவும் தன்மையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை இணைத்து, அதற்குச் செல்லோபேன் எனப் பெயரிட்டார். நாம் அதனைக் கண்ணாடித்தாள் என்கிறோம்.

அடுக்கின் பயன்

கண்ணாடித்தாளுக்கு ஒரு குறை இருந்தது. உலர்ந்த நிலையில் அது காற்றைத் தடுத்தது, நீராவியைத் தடுக்கவில்லை. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் இத்தாளைச் செய்யும் உரிமையைப் பெற்றிருந்தது. அங்குப் பணியாற்றிய வில்லியம் ஹேல் சார்ச், 1927இல் மெழுகு கலந்த மிக மெல்லிய பூச்சு ஒன்றைத் தாளின்மேல் ஏற்றினார். தாள் காற்றைத் தடுக்க, பூச்சு ஈரத்தைத் தடுத்தது. ஓரடுக்கின் குறையை மற்றோரடுக்கு நிறைவு செய்தது. அதன்பின் ரொட்டியும் இனிப்பும் நெடுநாள் கெடாதிருந்தன.

பூச்சில்லாத கண்ணாடித்தாளை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் தின்று மக்கச் செய்யும். மேலே ஏற்றும் பூச்சு எளிதில் மக்காததாயின், உறை மக்குவதும் தாமதமாகும். எனவே, அடுக்குகளும் அவற்றை ஒட்டும் பசையும் மக்குவனவாக இருந்தாலே உறை முழுதும் மண்ணோடு சேரும்.

நம் அண்டையில்

இடுக்கி மலைகளினின்று இறங்கிவரும் பெரியாற்றின் கரையில் பெரும்பாவூர் உள்ளது. அங்குத் தமிழரான எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையில், 1950இல் ரேயான் இழை உற்பத்தி தொடங்கியது. விஸ்கோஸ் குழம்பை நுண்துளைகளில் செலுத்தினால் ரேயான் இழை. பிளவில் செலுத்தினால் கண்ணாடித்தாள். இரண்டும் அவ்வாலையில் உருவாயின. மலிவான நெகிழித் தாள்கள் சந்தையை நிறைத்த காலத்தில், உலகெங்கும் கண்ணாடித்தாளின் பயன்பாடு குறைந்தது. பெரும்பாவூர் ஆலையும் 2001இல் மூடப்பட்டது.

நிறைவு

அமெரிக்காவின் பிராங்க்ளின் நிறுவனம் 1937இல் பதக்கம் வழங்கிப் பிராண்டன்பெர்கரைச் சிறப்பித்தது. அவர் 1954இல் மறைந்தார். அவர் கண்ட தாளிலும் குறைகள் உண்டு. அதன் செய்முறையில் பயன்படும் கார்பன் டைசல்பைடு, தொழிலாளர் உடல்நலத்திற்குத் தீங்கு தருவது. தீங்கில்லா முறையில் செய்யப்பட்டு, பொருளையும் காத்து, முழுதும் மக்கும் அடுக்குத் தாளை அறிஞர்கள் இன்றும் தேடி வருகின்றனர். மாணவர்களே, அத்தேடலில் நாளை உங்கள் பங்கும் அமையட்டும்!

சொற்பொருள்

வழிகோலுதல் – தொடக்கம் அமைத்தல்
நமத்தல் – ஈரத்தால் மொறுமொறுப்பு இழத்தல்
ஊடுருவுதல் – உட்புகுந்து கடத்தல்
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

1. பிராண்டன்பெர்கர் தேடியது யாது? அவருக்குக் கிட்டியது யாது?
2. கண்ணாடித்தாளின்மேல் பூச்சு ஏற்றப்பட்டது ஏன்?
3. பிரித்து எழுதுக: அவ்வுறை, மரக்கூழ், பெரியாற்றங்கரை.
4. செயல்திட்டம்: வாழையிலைத் துண்டு, செய்தித்தாள், பிஸ்கட் உறை ஆகியவற்றை ஈரமண்ணில் தனித்தனியே புதையுங்கள். 30 நாள் கழித்துத் தோண்டி எடுத்து, கண்ட மாற்றங்களை ஐந்து வரிகளில் எழுதுக.