எதிரி நாட்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தவர்: குர்ட் ஹான்

பேராக், லூமுட் பக்கம் இருக்கும் அவுட்வார்ட் பவுண்ட் பயிற்சிப் பள்ளிக்கு நம்மவர் பிள்ளைகள் பலர் போய் வந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் புலாவ் உபின் தீவிலுள்ள பள்ளிக்குப் போய் வந்த மாணவர்களுக்கோ கணக்கே இல்லை. படகு வலித்து, காட்டில் கூடாரம் அடித்து, உடம்பெல்லாம் வலியோடு வீடு திரும்பும் இவர்களில் அநேகருக்கு இந்தப் பயிற்சிக்கு வித்திட்டவர் யார் என்பது தெரியாது. அவர் ஒரு ஜெர்மானியர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்ததால் பிறந்த நாட்டை விட்டே போக வேண்டியிருந்த தலைமையாசிரியர். பெயர் குர்ட் ஹான்.

உண்மையில் படகும் கூடாரமும் அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட நாடுகளின் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் தங்க வைத்து, ஒன்றாகப் படிக்க வைத்தால் அடுத்த போரைத் தடுக்கலாம் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய கதை.

1886 ஜூன் 5-ஆம் நாள் பெர்லினில் வசதியான தொழிலதிபர் குடும்பத்தில் ஹான் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். இளம் வயதிலேயே கடும் வெயில் தாக்கி நோயில் விழுந்தார். அதன் பாதிப்பு கடைசிவரை விடவில்லை. வெளிச்சம் ஆகாது. இருட்டறையில் படுத்தே நாள்களைக் கழித்தார். பின்னாளில் எங்கு போனாலும் அகன்ற விளிம்புத் தொப்பியோடுதான் போவார். பிள்ளைகளை வெயிலிலும் மழையிலும் மலையேற வைத்த மனிதர், தான் வெயிலுக்கு ஒதுங்கி நிழலில் நின்றவர் என்பது விசித்திரம்தான்.

1914-இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தை விட்டு ஜெர்மனி திரும்ப வேண்டியதாயிற்று. ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் ஜெர்மன் வெளியுறவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எதிரி நாட்டுப் பத்திரிகைகளைப் படித்து, அங்கே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் அந்த வேலை. தினமும் மறுபக்கத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஒன்று புரிந்தது. இரண்டு பக்கமும் சமாதானம் பேசத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதில்லை. பேச்சுவார்த்தை மூலம் போரை முடிக்க வேண்டும் என்று வாதிட்டவர்களோடு ஹான் சேர்ந்துகொண்டார். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

அந்த நாள்களில் பாடன் நாட்டு இளவரசர் மாக்ஸுக்கு நெருங்கிய செயலாளராக ஆனார். 1918 அக்டோபரில் இளவரசர் மாக்ஸ் ஜெர்மன் பேரரசின் கடைசிப் பிரதமராகப் பதவியேற்றார். ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அந்தப் பதவி நீடித்தது. பேரரசு கவிழ்ந்தது, போர் தோல்வியில் முடிந்தது. இருவரும் ஊர் திரும்பினார்கள். அரசியலில் செய்ய முடியாததைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

1920-இல் இளவரசரின் அரண்மனையில் அந்தப் பள்ளி பிறந்தது. இடத்தின் பெயர் சாலெம். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் அதே எழுத்துகள்தாம். சேலம் ஜில்லாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பங்கள் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை. ஒரு காலத்தில் துறவியர் மடமாக இருந்த கட்டடம் அது. ஆண், பெண் இருபாலரும் சேர்ந்து படித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பணக்காரப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் பள்ளி கெட்டுப்போகும் என்பது ஹானின் உறுதியான எண்ணம். செல்வாக்கு என்கிற மயக்கத்திலிருந்து அவர்களை விடுவிக்க, கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார். காலையில் ஓட்டம், குளிர்ந்த நீரில் குளியல், கைத்தொழில், ஊருக்குச் சேவை என்று அட்டவணை போட்டார். தான் கடமையைச் செய்தோமா இல்லையா என்பதை மாணவரே தினமும் குறித்து வைக்க வேண்டும். ஆசிரியர் வேவு பார்க்க மாட்டார்.

இந்த நம்பிக்கை முறைக்குச் சோதனை வந்தது 1932-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் பொட்டெம்பா என்ற கிராமத்தில் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியை அவனுடைய தாயின் கண்ணெதிரிலேயே ஹிட்லரின் ஆட்கள் அடித்துக் கொன்றார்கள். நீதிமன்றம் குற்றவாளிகள் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அவர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தி அடித்தார்.

ஹான் இடதுசாரி அல்லர். பழைமை விரும்பும் தேசியவாதி. ஆட்சிக்கு வரப் போகிறவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு பள்ளியைக் காப்பாற்றியிருக்கலாம். எத்தனையோ தலைமையாசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர் சாலெமின் பழைய மாணவர்கள் அனைவருக்கும் கடிதம் அனுப்பினார். நாஜி அமைப்புகளில் இருப்பவர்கள் ஹிட்லரோடுள்ள உறவை முறித்துக்கொள்ள வேண்டும், முடியாதென்றால் சாலெமோடுள்ள உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். நடுவில் நிற்க இடம் கொடுக்கவில்லை.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் ஹான் கைது செய்யப்பட்டார். இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் குரல் கொடுத்தார்கள், பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் தலையிட்டார். சில நாளில் விடுதலை கிடைத்தாலும், சொந்தப் பள்ளிக்குள் காலடி வைக்க அனுமதி இல்லை. அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 47. கட்டி எழுப்பிய பள்ளி கையை விட்டுப் போய், பிறந்த மண்ணும் போயிற்று. வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1934-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஓரத்தில் கோர்டன்ஸ்டன் என்ற பழைய மாளிகையில் ஒரு சில மாணவர்களோடு புதிய பள்ளியைத் தொடங்கினார். சாலெமில் சில காலம் படித்த கிரேக்க இளவரசர் பிலிப் இங்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் எலிசபெத் மகாராணியின் கணவரான அதே பிலிப்தான். பக்கத்து ஊர் மீனவர்களின் துணையோடு மாணவர்கள் கடல் தொழில் பழகினார்கள். கரையில் காவல் நின்று, ஆபத்தில் சிக்கும் படகுகளைக் கவனித்துச் சொல்வதும் பாடத்தில் சேர்ந்தது. அண்டை வீட்டாருக்கு உதவாத படிப்பு படிப்பே இல்லை என்பது ஹானின் கணக்கு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த முறை ஒத்துப்போனதா என்றால், இல்லை. பிலிப்புக்கு மிகவும் பிடித்த பள்ளி, அவருடைய மகன் சார்ல்ஸுக்குப் பிடிக்கவில்லை. 1962 முதல் 1967 வரை அங்கே படித்த அவர் மகிழ்ச்சியாக இல்லை என்பது ஊரறிந்த செய்தி. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு ஹானின் பள்ளி கடுமையானது. அதை மறைக்க வேண்டியதில்லை. சாலெமில் முதல் நாளிலிருந்தே பெண் பிள்ளைகள் இருந்தும், கோர்டன்ஸ்டனில் அவர்கள் நுழைய 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் இராணுவம் மாளிகையை எடுத்துக்கொண்டதால் பள்ளி வேல்ஸுக்கு இடம் மாறியது. அங்கேதான் நம் கரைக்கும் அவருக்கும் முதல் தொடர்பு உண்டாகிறது. எஸ்.எஸ். ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தலைமுறைக்கு நீலப் புகைபோக்கிக் கப்பல்களும் தெரிந்திருக்கும். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு வந்து ரப்பரும் ஈயமும் ஏற்றிப்போன புளூ ஃபன்னல் நிறுவனத்தின் கப்பல்கள் அவை. போரில் அந்தக் கப்பல்கள் நீர்மூழ்கிகளின் தாக்குதலில் மூழ்கின. உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, உடல் வலுவுள்ள இளைஞர்களே மனம் தளர்ந்து இறந்துபோனதைக் கண்டு நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான லாரன்ஸ் ஹோல்ட் கலங்கினார்.

அவருடைய பணமும் ஹானின் யோசனையும் சேர்ந்து, 1941-இல் வேல்ஸின் அபர்டோவி கடற்கரையில் முதல் அவுட்வார்ட் பவுண்ட் பள்ளி உருவானது. துறைமுகத்தை விட்டு வெளிக்கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல் அது. கப்பல் பையன்கள், தொழிற்சாலைப் பையன்கள், பள்ளி மாணவர்கள் என எல்லாரும் 26 நாள் ஒன்றாகத் தங்கினார்கள். 1950-களில் அது மலாயாவுக்கு வந்து லூமுட்டில் இடம் பிடித்தது. 1967-இல் டாக்டர் கோ கெங் சுவீ முயற்சியில் சிங்கப்பூர் பள்ளி உருவானது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே படகில் துடுப்புப் போடும்போது எல்லாரும் ஒரே தாளத்தில் வலிக்காவிட்டால் படகு நகராது. இன ஒற்றுமைக்கு மேடைப் பேச்சை விட இது எவ்வளவோ மேல்.

போர் முடிந்ததும் ஹான் ஜெர்மனிக்கு அடிக்கடி போய் வரத் தொடங்கினார். 1938-இலேயே பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தார். தன்னை விரட்டிய நாட்டின் மீது அவருக்குக் கசப்பு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சாலெமை மீண்டும் தூக்கி நிறுத்தவும், ஜெர்மன் பிள்ளைகளை வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பழக வைக்கவும் வழி தேடினார்.

1953-இல் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஹானின் வழியில் நடந்த ஜெர்மானிய, பிரிட்டிஷ், கிரேக்கப் பள்ளிகளின் மாணவர்கள் கெஃபலோனியா தீவுக்குப் போய் முதியோர் இல்லம் ஒன்றைக் கட்டும் பணியில் கைகொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் அதே தீவை ஆக்கிரமித்திருந்தது ஜெர்மன் இராணுவம். துப்பாக்கியோடு வந்தவர்களின் தம்பிமார்கள் வயதுள்ள பையன்கள் இப்போது சிமெண்டும் கல்லும் சுமந்து நின்றதைத் தீவு மக்கள் பார்த்தார்கள்.

அந்த உறவு பிறகு ஓர் அமைப்பாக வளர்ந்தது. 1966-இல் ஹானின் 80-ஆவது பிறந்தநாளுக்காகச் சாலெமில் கூடிய தலைமையாசிரியர்கள், தங்கள் பள்ளிகள் தொடர்ந்து சந்திக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கோர்டன்ஸ்டனில் இருக்கும் வட்டமான பழைய கட்டடத்தின் பெயரையே அமைப்புக்கு வைத்தார்கள்: ரவுண்ட் ஸ்குவேர். மூலையில்லாமல் கட்டினால் சாத்தான் மூலையில் மடக்க முடியாது என்று அதைக் கட்டிய பிரபு நினைத்தாராம். அந்த ஊர்க் கதை அது. இன்று 200-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இதில் உள்ளன. ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டுப் பள்ளியில் சில வாரங்களோ ஒரு தவணையோ தங்கிப் படிக்கிறார், அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வருகிறார்.

ஹானுக்குச் சில வாரப் பரிமாற்றம் போதவில்லை. 1953-இல் உடல்நலக் குறைவால் தலைமையாசிரியர் பொறுப்பை விட்டார். 1955-இல் பாரிஸில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்குப் போனபோது, பத்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிர் அணியில் நின்ற அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்து படிப்பதைக் கண்டார். நரை விழுந்த இராணுவ அதிகாரிகளால் முடிந்தது பதினாறு வயதுப் பிள்ளைகளால் முடியாதா? அந்தக் கல்லூரியின் தலைவர் லாரன்ஸ் டார்வாலும் அவரும் சேர்ந்து திட்டம் தீட்டினார்கள். பணத்துக்காகக் கதவு கதவாகத் தட்ட ஏழு ஆண்டுகள் பிடித்தன. வேல்ஸில் செயின்ட் டோனட்ஸ் என்ற பழங்காலக் கோட்டையை அந்தோனின் பெஸ் என்ற செல்வந்தர் வாங்கிக் கொடுத்தார். 1962 செப்டம்பரில் 12 நாடுகளிலிருந்து வந்த 56 மாணவர்களோடு அட்லாண்டிக் கல்லூரி திறக்கப்பட்டது.

இரண்டு ஆண்டு தங்கிப் படிப்பு. முதலில் ஆண்கள் மட்டும், 1967 முதல் பெண்களும். யார் வீட்டில் பணம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் தகுதியைப் பார்த்து உபகாரச் சம்பளம் கொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது நோக்கம். எல்லாக் காலத்திலும் அது முழுமையாக நிறைவேறியதாகச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பள்ளிகள் வசதியுள்ளவர்களுக்கே என்ற குறை இன்றும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கிறதா என்ற கேள்வி நியாயமானது.

அங்கும் கடல் மீட்புப் பணி நடந்தது. முதல் தலைமையாசிரியராக வந்த கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் பட்டறையில் சேர்ந்து, அடிப்பகுதி கெட்டியாகவும் ஓரங்கள் காற்றடைத்தும் உள்ள படகு ஒன்றை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் மீட்புப் படையினர் பயன்படுத்தும் படகு வகை அங்கே பிறந்ததுதான். அது கோடி கோடியாகப் பணம் தந்திருக்கும். கல்லூரியோ அதன் உரிமையை அடையாளத்துக்கு ஒரு பவுன் வாங்கிக்கொண்டு பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகு அமைப்புக்குக் கொடுத்துவிட்டது.

அட்லாண்டிக் என்ற பெயர் மேற்கு நாடுகளை மட்டுமே சுட்டியது. பனிப்போர் காலத்துப் பெயர். நாளடைவில் அந்த எல்லை தாண்டி, யுனைடெட் வோர்ல்ட் கல்லூரிகள் என்ற பொதுப் பெயரில் இயக்கம் விரிந்தது. ஆசியாவில் அது முதலில் கால் பதித்தது சிங்கப்பூரில். பிரிட்டிஷ் இராணுவம் காலி செய்துவிட்டுப் போன டோவர் சாலைப் பள்ளிக் கட்டடத்தில், 1971-இல் சிங்கப்பூர் அனைத்துலகப் பள்ளியைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார்.

ஹான் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைச் சாலெமுக்கு அருகில், எந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டாரோ அதே ஊர்ப் பக்கத்தில் கழித்தார். 1974 டிசம்பர் 14-ஆம் நாள் 88-ஆவது வயதில் காலமானார். உடல் சாலெமிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, 1975-இல், டோவர் சாலைப் பள்ளி தென்கிழக்காசிய யுனைடெட் வோர்ல்ட் கல்லூரி எனப் பெயர் மாறியது.