தொட்டியத்துத் திரிபுரசுந்தரி

ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே, முக்கொம்பையும் முசிறியையும் கடந்தால் காவிரியின் வடகரையில் தொட்டியம் வரும். எழுத்தாளர் 'லட்சுமி' இளமையில் வளர்ந்த ஊர் அது. 1921இல் பிறந்த அவரது இயற்பெயர் திரிபுரசுந்தரி. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் பயின்று, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது போர்க்காலம். தந்தையால் மேற்கொண்டு பணம் அனுப்ப இயலவில்லை. படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டிய நிலை. அம்மாணவியோ ஆனந்த விகடன் வாசனை அணுகி, கதை எழுதித் தருவதாகவும் அந்த ஊதியத்தில் படிப்பை முடிக்க விரும்புவதாகவும் கூறினார். அவரும் இசைந்தார். மருத்துவப் படிப்புக்குக் கதைகளே கட்டணம் செலுத்தின!

டாக்டரான பின்பும் பேனாவை அவர் விடவில்லை. கர்ப்பிணிகளுக்கென 'தாய்மை' என்ற நூல் எழுதினார். நாவல்களில் அவர் தொட்டவை வீட்டுக்குள் நடப்பவையே: மனம் ஒப்பாத திருமணம், வெளியே சொல்ல முடியாத இரகசியம், தாய் விழுங்கிக்கொள்ளும் துயரம். வெறும் குடும்பக் கதைகள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அது நியாயமன்று, அடுக்களையில் அழும் பெண்ணுக்கு அதுதானே உலகம்? 'பெண் மனம்' 1963இல் 'இருவர் உள்ளம்' என்று திரைப்படமாயிற்று.

1955இல் கண்ணபிரானை மணந்து தென்னாப்பிரிக்கா சென்றார். கணவர் மறைந்த பின், 1977இல் தாயகம் திரும்பியபோது வயது 56. மீண்டும் எழுதினார். தென்னாப்பிரிக்க இந்தியர் வாழ்வைப் பின்னணியாகக் கொண்ட நாவலுக்குத் தம் ஊர் ஆற்றின் பெயரையே சேர்த்து 'ஒரு காவிரியைப் போல' என்று தலைப்பிட்டார். 1984இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1987 ஜனவரியில் காலமானார்.