ஒரு வீரரை ஒதுக்கினார்கள்... ஒரு கிளப்பே பிறந்தது! யார் இந்த சுரேஷ் சந்திர சவுத்ரி?

குமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை, நீரோடி பக்கம் போனால், கடற்கரை மணலில் பந்து உருளாத நாளே இருக்காது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போய் ஆடியவர். அந்த ஐ.எஸ்.எல். கிளப்புகள் ஓடுவது பெரிய முதலாளிகளின் பணத்தில். ஆனால், 100 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பணக்காரர் கால்பந்து கிளப்புக்காகப் பணம் இறக்கினார். லாபத்துக்காக இல்லை, ரோஷத்துக்காக!

யார் இவர்?

இன்றைய வங்கதேசத்தின் டாங்கைல் பகுதியில் உள்ள நாகர்பூரின் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர் சுரேஷ் சந்திர சவுத்ரி. தொழிலதிபர். கொல்கத்தாவின் ஜோராபகான் கிளப்பில் துணைத் தலைவராக இருந்தார்.

என்ன நடந்தது?

1920 ஜூலை 28. மோகன் பகானுடன் முக்கியமான மேட்ச். ஜோராபகான் அணியில் தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸுக்கு இடமில்லை. காரணமும் சொல்லவில்லை. கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஓரங்கட்டினார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவரைச் சேர்க்கச் சொல்லி சவுத்ரி கேட்டும் நிர்வாகம் அசையவில்லை. பதவியே வேண்டாம் என்று வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1-ம் தேதி, நண்பர்களோடு சேர்ந்து புது கிளப் தொடங்கினார். பெயரிலேயே பதில் இருந்தது: ஈஸ்ட் பெங்கால்.

பணம் மட்டும் போதுமா?

போதவில்லை. கொல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய கிளப்புகளுக்குத்தான் இடம் என்று விதி இருந்தது. அதைத் தாண்டி 1925-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. லீக் கோப்பைக்கு 1942 வரை காத்திருந்தார்கள். 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த அகதிகளுக்கு, இழந்த ஊரின் பெயரைச் சொல்ல மிஞ்சியது இந்த கிளப்தான்.

நமக்கு என்ன சம்பந்தம்?

1949, 1950, 1951 என மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வென்றது ஈஸ்ட் பெங்கால். கோல்களைக் குவித்த 'பஞ்ச பாண்டவர்கள்' ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். அதில் ஒருவர் கோட்டயத்தின் சாலே. நாஞ்சில் நாடும் கோட்டயமும் அப்போது ஒரே திருவிதாங்கூர்-கொச்சி! ஊர்ப் பாகுபாட்டை எதிர்த்துப் பிறந்த கிளப், வேறு ஊர்க்காரர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

இன்றைய நிலை?

கிங்ஃபிஷர், க்வெஸ், ஸ்ரீ சிமென்ட், 2022 முதல் இமாமி என முதலீட்டாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சவுத்ரி போட்ட பெயர் மட்டும் மாறவில்லை. பணம் போடுகிறவர் வருவார், போவார். கிளப்பைத் தாங்குவது, அதைத் தன் ஊராக நினைக்கிற ஜனங்கள்தான்.