அரியலூர்ச் சிப்பிகளுக்குப் பெயர் வைத்தவர்

நிலவியல் படித்த நம் ஆட்களுக்கு ஸ்டோலிச்கா என்ற பெயர் புதிதல்ல. மற்றத் துறை நண்பர்களுக்கும் இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவரை அறிமுகப்படுத்தவே மலர்க் குழுவினரிடம் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

நம் துறை அலமாரியில் அரியலூர்ச் சிப்பிகள் வரிசையாக இருக்குமே, அவற்றின் சீட்டில் சிற்றினப் பெயருக்குப் பின்னால் ‘ஸ்டோலிச்கா’ என்று வரும். அது ஊர்ப் பெயர் இல்லை. அந்தச் சிப்பியை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர்.

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1838-இல் மொராவியாவில் பிறந்தார். அது இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. வியன்னாவில் படித்து, 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அப்போது வயது 24.

திருச்சி, அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் சுமார் 10 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை கடல் இருந்தது. அங்கே கிடைத்த சிப்பிகள் சிலவற்றை 1846-இலேயே லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்திருந்தார். பிறகு எச்.எஃப். பிளான்ஃபோர்ட் குழுவினர் அந்த நிலத்தை அளந்து, ஏராளமான தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டி வந்தார்கள். அவற்றைப் பிரித்துப் பெயரிடும் பெரும்பணி இந்த இளைஞரின் மேஜைக்கு வந்தது.

சிப்பியை அடையாளம் காண்பது பார்ப்பதற்குச் சுலபம், செய்தால்தான் தெரியும் கஷ்டம். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். அலை மோதும் இடத்தில் வளர்ந்தால் ஒரு வடிவம், சேற்றில் வளர்ந்தால் இன்னொரு வடிவம். ஆகவே உள்ளே பார்க்க வேண்டும். இரண்டு ஓடும் சேரும் கீலில் எத்தனை பற்கள், எப்படி அமைந்தவை? தசை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றா, இரண்டா? உள்விளிம்பை ஒட்டி ஓடும் கோடு பின்பக்கம் உள்வாங்கியிருந்தால், அந்த உயிர் மணலுக்குள் புதைந்து குழல் நீட்டி வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கீல் பெரும்பாலும் கல்லுக்குள் மூடிக் கிடக்கும். ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் உடைந்துபோகும்.

இருவோட்டுச் சிப்பிகளுக்கான அவருடைய தொகுதி 1871-இல் நிறைவுற்றது. 500 பக்கத்துக்கு மேல், 50 படத்தட்டுகள். நம்ம ஊர்ச் சிப்பிகளோடு நிற்காமல், அன்று உலகில் அறியப்பட்ட இருவோட்டுப் பேரினங்கள் அனைத்தையும் அதில் சீர்தூக்கிப் பார்த்தார். நத்தைகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் எழுதினார்.

1873-இல் யார்க்கண்ட் தூதுக்குழுவுடன் மத்திய ஆசியா போனார். திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைக் கடந்தபின் உடல்நலம் கெட்டு, 1874 ஜூன் 19-இல் லடாக்கின் முர்கோவில் காலமானார். 36 வயதுதான். லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது.

அவர் வைத்த பெயர்களில் பல பின்னாளில் வேறு பேரினங்களுக்கு மாறிவிட்டன. அப்படி மாறும்போது விதிப்படி அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும், ஆனால் அழியாது. கீலையும் தழும்பையும் பார்த்தபடியே அவர் எழுதி வைத்ததால்தான், 150 ஆண்டு கழித்தும் நாம் சரிபார்த்துத் திருத்த முடிகிறது.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. அதோடு சிப்பிகளும் அரைபட்டுப் போகின்றன. வேலையை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை, சிமெண்ட் எல்லோருக்கும் வேணும். களப்பயணம் போகும் தம்பி தங்கைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையில் எடுக்கும் ஒவ்வொரு சிப்பிக்கும் ஊர், எந்த அடுக்கு, தேதி மூன்றையும் அங்கேயே நின்று சீட்டில் எழுதிவிடுங்கள். சீட்டு இல்லாத சிப்பி வெறும் அலமாரி அழகுதான். சீட்டு இருந்தால், நாளைக்கு வருகிறவர் அதை வைத்து ஸ்டோலிச்காவையே திருத்தலாம்.