நிறவெறியர் என்று பழி சுமந்த ஸ்டீவ் பிக்கோ

1969-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மாணவர்கள் தனியாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் வெள்ளைக்கார மாணவர்களுக்கு இடம் இல்லை. சங்கத்தின் முதல் தலைவர் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர். வயது 22. பெயர் ஸ்டீவ் பிக்கோ.

உடனே ஒரு கூச்சல் எழுந்தது. இதுவும் நிறவெறிதான் என்றார்கள். வெள்ளையர் செய்த அதே தவறைக் கறுப்பர்கள் திருப்பிச் செய்கிறார்கள், இது தலைகீழ் நிறவெறி என்றார்கள்.

இத்தனைக்கும் அந்த நாட்டில் பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரி தனி, ரெயில் பெட்டி தனி, கடற்கரை தனி. பூங்காவில் உட்காரும் பெஞ்சு கூடத் தனி. மக்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஆனால் அவர்களுக்கு என்று ஒதுக்கிய நிலம் நூற்றுக்கு 13 பங்குதான். பார்லிமெண்டுத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. பாஸ் புத்தகம் இல்லாமல் வெள்ளையர் ஊரில் நடமாடினால் ஜெயில்.

இதைச் சட்டமாக வைத்திருந்தவர்கள் கூச்சல் போட்டிருந்தால் வியப்பு இல்லை. நிறவெறியை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்த நல்ல வெள்ளைக்காரர்கள் அல்லவா கோபித்துக் கொண்டார்கள்! அதுதான் விசேஷம்.

சமையல்காரியின் மகன்

பிக்கோ 1946-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி டார்காஸ்டாட் என்ற சிற்றூரில், பாட்டி வீட்டில் பிறந்தார். பெற்றோர் வைத்த முதல் பெயர் பன்ட்டு. கோசா மொழியில் அதற்கு மக்கள் என்று பொருள்.

தகப்பனார் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. தபால் மூலம் சட்டம் படித்து வந்தார். படிப்பு முடியுமுன் 1950-ல் காலமாகிவிட்டார். அப்போது பிக்கோ சின்னஞ்சிறு குழந்தை.

நான்கு பிள்ளைகளையும் வளர்க்கும் பாரம் தாயார் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தார். பிறகு கிங் வில்லியம்ஸ் டவுன் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தார். குடியிருப்பு, ஊருக்கு வெளியே கறுப்பர்களுக்கு ஒதுக்கிய கின்ஸ்பெர்க் என்ற இடத்தில்.

பையன் படிப்பில் கெட்டி. அக்கம்பக்கத்தார் பணம் திரட்டி அவனை லவ்டேல் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அண்ணன் காயா ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார். 1963-ல் அண்ணனைப் போலீசார் அரசியல் குற்றம் சாட்டிப் பிடித்தார்கள். தம்பியையும் விசாரித்தார்கள். தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள்! சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

பிறகு மரியன்ஹில் என்ற ஊரில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்துத் தேறினார். 1966-ல் டர்பன் நகரில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்று தனியாக நடந்த பிரிவு அது. ஆப்பிரிக்கர்களும் இந்தியர்களும் கலப்பினத்தாரும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள்.

தூங்குவதற்கு இடம் இல்லை

அந்த நாளில் மாணவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரு தேசியச் சங்கம் இருந்தது. எல்லா நிறத்தாரும் அதில் சேரலாம். நிறவெறி கூடாது என்பதுதான் அதன் கொள்கை. பிக்கோவும் சேர்ந்தார். ஆனால் தலைமைப் பதவிகள் எல்லாம் வெள்ளை மாணவர் கையில் இருந்தன. என்ன பேசுவது, எப்படிப் போராடுவது என்று முடிவு செய்கிறவர்களும் அவர்களே. கறுப்பு மாணவர்கள் கை தட்டுவார்கள்.

1967 ஜூலையில் கிரகாம்ஸ்டவுன் நகரில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் சங்கத்தின் மாநாடு கூடியது. கறுப்புப் பிரதிநிதிகளை விடுதியில் தங்கவைக்க முடியாது என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. வெள்ளை மாணவர்களுக்கு விடுதி. கறுப்பு மாணவர்களுக்கு, தள்ளி இருந்த கறுப்பர் குடியிருப்பில் ஒரு மாதாகோவில் மண்டபம். சமமாகக் கூடிப் பேசலாம், சமமாகத் தூங்கக் கூடாதாம்!

மாநாட்டையே ஒத்திவைக்க வேண்டும் என்று பிக்கோ தீர்மானம் கொண்டுவந்தார். வெள்ளை மாணவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். பல்கலைக்கழகத்தைக் கண்டித்தார்கள். ஆனால் மாநாட்டை நிறுத்த மனம் வரவில்லை. தீர்மானம் தோற்றது.

அன்று பிக்கோ ஒன்றைக் கண்டுகொண்டார். நண்பர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வலி அவர்களுடையது அல்ல. வலி இல்லாதவன் போராட்டத்தை நடத்தினால், தனக்குத் தொல்லை வரும் இடத்தில் நின்றுவிடுவான்.

1969 ஜூலையில் டர்ப்ளூப் என்ற இடத்தில் தனிச் சங்கம் உதயமாயிற்று. சாசோ என்று அதைச் சுருக்கமாக அழைத்தார்கள்.

யார் கறுப்பர்?

சாசோ செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஒரு பெயரைத் தூக்கி எறிந்ததுதான். சர்க்கார் அந்த மக்களை வெள்ளையர் அல்லாதார் என்று அழைத்து வந்தது. ஒரு மனிதனை அவன் எது இல்லையோ அதைச் சொல்லியா கூப்பிடுவது? நாங்கள் கறுப்பர்கள், அதில் வெட்கம் இல்லை என்றது சாசோ.

கறுப்பர் என்றால் ஆப்பிரிக்கர் மட்டும் அல்ல. சட்டத்தாலும் வழக்கத்தாலும் யாரெல்லாம் ஒடுக்கப்பட்டார்களோ, அந்த நிலையை எதிர்த்து ஒன்று சேரத் தயாராக இருந்தார்களோ, அவர்கள் எல்லாரும் கறுப்பர்களே. இந்தியரும் கலப்பினத்தாரும் அதில் அடக்கம்.

1860-ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அப்படிப் போனவர்களில் தமிழர் ஏராளம். இந்திய வம்சத்து இளைஞர்கள் பலர் சாசோவில் சேர்ந்தார்கள். ஸ்ட்ரினி மூட்லி, சத்ஸ் கூப்பர் இருவரும் பிக்கோவுக்கு நெருங்கிய தோழர்கள். நம் ஊர் முதலியார் என்ற பெயர்தான் அங்கே மூட்லி ஆயிற்று.

அதே சமயம், தோல் கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது என்றார் பிக்கோ. சர்க்காரின் கைத்தடியாக இருந்து சொந்த மக்களை அடிக்கிற கறுப்புப் போலீஸ்காரனை அவர் கறுப்பர் கணக்கில் சேர்க்கவில்லை. இது வெறும் நிறச் சண்டையாக இருந்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

எது நிறவெறி?

தலைகீழ் நிறவெறி என்று குறை சொன்னவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சர்க்காரை எதிர்த்துப் பகையைத் தேடிக்கொண்ட ஒரு வெள்ளை மாணவன், பிறந்த தோலுக்காக வெளியே நிற்க வேண்டுமா? நிறத்தைப் பார்க்கக் கூடாது என்று போராடுகிறவர்கள், வாசலில் நின்று நிறத்தைப் பார்க்கலாமா? இது சுலபமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல.

பிக்கோ இதற்கு ஒரு மாதப் பத்திரிகைப் பகுதியில் பதில் எழுதினார். புனைபெயரில்தான் எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது:

நிறவெறி என்பது வெறும் வெறுப்பு அல்ல. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை அடக்கி வைப்பதற்காகவே பாகுபாடு செய்வது. அதற்கு அதிகாரம் வேண்டும். சட்டம், போலீஸ், நிலம், பணம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கின்றன. மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர்கள் தனியே கூடிப் பேசினால் யாரை அடக்கிவிட முடியும்? அவர்கள் கூடுவது தலை நிமிரத்தான்.

அப்படியானால் நல்ல வெள்ளையர் என்ன செய்வது? அதற்கும் வழி சொன்னார். ஓட்டு வெள்ளையரிடம் இருக்கிறது. ஆகவே நல்லவர்கள் தங்கள் சொந்த ஜனங்களிடையே போய் வேலை செய்யட்டும் என்றார். அவர் விரும்பிய முடிவு கறுப்பர் ஆட்சி செய்து வெள்ளையரை விரட்டுவது அல்ல. ஆளுக்கு ஒரு ஓட்டு, நிறத்துக்குத் தனி உரிமை இல்லை என்ற நாடுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் சர்க்கார் சாசோவை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. தனியாகப் பிரிந்து போனால் நல்லதுதானே என்று நினைத்தது! விஷயம் புரிந்ததும் பாய்ந்தது. 1972-ல் பிக்கோ மருத்துவக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். 1973 மார்ச்சில் தடை உத்தரவு வந்தது. கிங் வில்லியம்ஸ் டவுனை விட்டு அவர் வெளியே போகக் கூடாது. ஒரு சமயத்தில் ஒருவரிடம்தான் பேசலாம். அவர் சொன்ன ஒரு சொல்லைக் கூடப் பத்திரிகையில் போடக் கூடாது.

ஆசிரியரைத் தேடி வந்த டாக்டர்

பக்கத்து நகரமான ஈஸ்ட் லண்டனில் டெய்லி டிஸ்பாட்ச் என்ற பத்திரிகை. ஆசிரியர் டொனால்டு வுட்ஸ் ஒரு வெள்ளைக்காரர். கோசா மொழி நன்றாகப் பேசுவார். நிறவெறிச் சட்டங்களைக் கடுமையாகத் தாக்கி எழுதுவார். அதே பேனாவால் பிக்கோவின் இயக்கத்தையும் தாக்கினார். இதுவும் நிறவெறியே என்று எழுதினார்.

ஒரு நாள் ஓர் இளம் பெண் டாக்டர் அவர் அறைக்குள் நுழைந்தார். பெயர் மம்பேலா ராம்பேலே. பிக்கோவுடன் சேர்ந்து உழைப்பவர். முகம் தெரியாத ஆளைப் பற்றி இப்படி எழுதலாமா, அவர் இங்கே வர முடியாது என்பதால் நீங்கள் போய்ப் பாருங்கள் என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

வுட்ஸ் போனார். ஒரு பழைய மாதாகோவில் கட்டிடத்தில் இருந்தது பிக்கோவின் அலுவலகம். எதிரியைப் பார்க்கப் போனவர் வாதம் செய்தார், திரும்பவும் போய் வாதம் செய்தார். முடிவில் நண்பராகிவிட்டார். தலைகீழ் நிறவெறி என்று முதலில் எழுதிய அதே மனிதர்தான் பிற்காலத்தில் பிக்கோவின் வரலாற்றை உலகத்துக்குச் சொன்னார்.

பிக்கோ வாதம் மட்டும் செய்துகொண்டு உட்காரவில்லை. ஊருக்கு வெளியே சின்யோக்கா கிராமத்தில் அவருடைய தோழர்கள் கட்டிய சனெம்பிலோ ஆஸ்பத்திரி 1975-ல் திறக்கப்பட்டது. ராம்பேலே அங்கே டாக்டர். பிரசவத்துக்கும் பிள்ளைகளின் நோய்க்கும் மக்கள் அங்கே வந்தார்கள். ஜெயிலிலிருந்து வந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவ ஒரு நிதியும் தொடங்கினார்கள்.

சாட்சிக் கூண்டில்

சாசோவையும் அதன் தோழமை இயக்கத்தையும் சேர்ந்த ஒன்பது பேர் மீது சர்க்கார் வழக்குப் போட்டது. மூட்லியும் கூப்பரும் அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள். இனங்களுக்குள் பகையை வளர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பிக்கோ மேல் சுமத்திய அதே பழி இப்போது கோர்ட்டுக்கு வந்துவிட்டது!

1976 மே மாதத்தில் எதிரிகள் தரப்பில் சாட்சி சொல்லப் பிக்கோ பிரிட்டோரியாவுக்கு வந்தார். கோர்ட்டில் சொல்வதைப் பத்திரிகைகள் வெளியிடலாம். மூன்று ஆண்டுகளாக வாய் கட்டப்பட்டிருந்தவர் நாட்கணக்கில் பேசினார்.

நீங்கள் பழுப்பு நிறமாகத்தானே இருக்கிறீர்கள், ஏன் கறுப்பர் என்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். வெள்ளையர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ரோஜா நிறமாகத்தானே இருக்கிறார்கள் என்று அமைதியாகத் திருப்பிக் கேட்டார் பிக்கோ.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்கும் ஜெயில். ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இடையே ஜூன் 16-ந் தேதி சொவேட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது போலீசார் சுட்டார்கள். நாடு கொந்தளித்தது. ஆகஸ்டில் பிக்கோவைப் பிடித்து 101 நாட்கள் தனி அறையில் அடைத்தார்கள்.

கடைசிப் பயணம்

1977 ஆகஸ்டு 18-ந் தேதி இரவு. பிக்கோவும் நண்பர் பீட்டர் ஜோன்சும் கேப்டவுனிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தடையை மீறிய பயணம். கிரகாம்ஸ்டவுன் அருகே போலீசார் வழிமறித்தார்கள்.

போர்ட் எலிசபெத் நகரில் அவரைத் துணி இல்லாமல், விலங்கிட்டு வைத்திருந்தார்கள். செப்டம்பர் 6-ந் தேதி விசாரணை அறையில் தலையில் பலத்த காயம். மூளை பாதிக்கப்பட்டதன் அடையாளங்கள் தெரிந்தன. பார்த்த டாக்டர்கள் தக்க சிகிச்சை தரவில்லை. 11-ந் தேதி ஒரு லேண்டுரோவர் வண்டியின் பின்புறத்தில் கிடத்தி, 1,100 கிலோ மீட்டருக்கு மேல் பிரிட்டோரியாவுக்கு ஓட்டிச் சென்றார்கள். மறுநாள் சிறையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 30.

உண்ணாவிரதம் இருந்து இறந்தார் என்று போலீஸ் மந்திரி குரூகர் சொன்னார். அந்தச் சாவு தன்னை ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னார். உடலைப் பார்க்க மனைவி நிட்சிக்கியுடன் வுட்சும் போனார். பட்டினியால் இறந்த உடல் அல்ல அது.

செப்டம்பர் 25-ந் தேதி இறுதி ஊர்வலம். மாட்டுவண்டியில் சவப்பெட்டி போயிற்று. வரவிடாமல் பல பஸ்களைப் போலீசார் திருப்பி அனுப்பியும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பிஷப் டெஸ்மாண்டு டூட்டு பிரசங்கம் செய்தார். நிறவெறியர் என்று பெயர் வாங்கியவரின் கல்லறைக்கு வெள்ளைக்காரர்களும் வந்து நின்றார்கள்.

அடுத்த மாதம் சாசோ முதலான 18 அமைப்புகளைச் சர்க்கார் தடை செய்தது. வுட்சுக்கும் தடை உத்தரவு. அவர் பாதிரியார் வேடத்தில் தப்பி லெசோத்தோ நாட்டுக்குள் நுழைந்தார். 1978-ல் பிக்கோவைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார்.

மரண விசாரணை நடத்திய மாஜிஸ்திரேட், யார் மேலும் குற்றம் இல்லை என்று முடித்துவிட்டார்.

மறுபடியும் அதே கேள்வி

1994-ல் எல்லாருக்கும் ஓட்டு வந்தது. ஒடுக்கப்பட்டவர்களை முன்னேற்றத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 1996-ம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்லியது. 1998-ல் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூவரும் கறுப்பர் என்று அதில் எழுதினார்கள். சாசோ மாணவர்கள் வகுத்த அதே கணக்கு!

உடனே பழைய கேள்வியும் வந்தது. இது தலைகீழ்ப் பாகுபாடு அல்லவா? பழைய பார்லிமெண்டிலேயே இருந்த ஓர் எம்.பி., புதிதாக வந்தவர்களின் பென்ஷனுக்குச் சர்க்கார் அதிகம் போடுகிறது என்று வழக்குத் தொடர்ந்தார். 2004-ல் அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பழைய அநீதியைச் சரி செய்யும் ஏற்பாடு சமத்துவத்தின் ஒரு பகுதியே, தலைகீழ்ப் பாகுபாடு அல்ல என்றது. முக்கியத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டிக்காங் மொசெனெக்கே, 15 வயதில் பிடிபட்டு, பத்து ஆண்டுகள் ராபன் தீவில் கைதியாக இருந்தவர். ஆனாலும் இத்தகைய வழக்குகள் ஓயவில்லை. பின்பும் வந்தன.

பிக்கோவின் சாவில் சம்பந்தப்பட்ட போலீசார் மன்னிப்புக் கேட்டு உண்மை கண்டறியும் கமிஷனுக்கு மனுப் போட்டார்கள். முழு உண்மையைச் சொல்லவில்லை என்று 1999-ல் மனு தள்ளப்பட்டது. ஆனால் வழக்கும் நடக்கவில்லை. 2025 செப்டம்பர் 12-ந் தேதி அந்த மரண விசாரணையைக் கோர்ட்டில் மீண்டும் திறந்தார்கள். பிக்கோ இறந்து அன்றோடு 48 ஆண்டுகள்.