வாக்குப்பதிவு இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு தமிழ் எழுத்தாளர்: பொறியாளர் சுஜாதாவின் வாழ்க்கை

மும்பை: தாராவியின் குறுகிய சந்துகளிலிருந்து வாக்குச்சாவடிக்கு வரும் தமிழ் வாக்காளர், சின்னத்துக்கு நேரே உள்ள நீல நிறப் பொத்தானை அழுத்துகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. நீண்ட ஒலி எழுகிறது. அருகிலுள்ள பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காகிதச் சீட்டு 7 விநாடிகள் தெரிந்து, பின்னர் உள்ளே விழுகிறது. அளித்த வாக்கு அளித்தவாறே எண்ணப்படுமா என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்பும் எழுந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் பொத்தானுக்கும் தமிழ் வாசகர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இயந்திரத்தின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வையிட்ட பொறியாளர்களுள் முக்கியமானவர் எஸ். ரங்கராஜன். வாசகர்கள் அவரை அறிந்த பெயர் சுஜாதா.

ஸ்ரீரங்கத்திலிருந்து பெங்களூருக்கு

1935-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்த ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவருடைய கல்லூரிக்காலத் தோழர்.

மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின்னர், பெங்களூரிலுள்ள பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்து, பொது மேலாளர் பொறுப்பு வரை உயர்ந்தார். பகலில் ஆய்வுக்கூடம், மற்ற நேரத்தில் எழுத்து என இரண்டு வாழ்க்கைகளை அவர் ஒருசேர நடத்தினார். அதே பெயரில் வேறொரு எழுத்தாளர் இருந்ததால், மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக ஏற்றார். குமுதத்தில் வெளியான நைலான் கயிறு தொடர் அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

இயந்திரம் பிறந்த கதை

1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. அப்போது லட்சக்கணக்கான இரும்புப் பெட்டிகள் பம்பாய் விக்ரோலியிலுள்ள கோத்ரெஜ் ஆலையில் தயாராயின. பின்னர் வந்த வாக்குச்சீட்டு முறையில் செல்லாத வாக்குகளும், நாள்கணக்கில் நீளும் எண்ணிக்கையும் சிக்கலாயின. சாவடிகளைக் கைப்பற்றிச் சீட்டுகளில் கட்டுக்கட்டாக முத்திரை குத்தும் முறைகேடு அதனினும் பெரிய சிக்கலாயிற்று.

1977-இல் தேர்தல் ஆணையம் மின்னணு முறை குறித்து ஆலோசிக்கத் தொடங்கியது. ஐதராபாத்திலுள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் மாதிரியை உருவாக்க, 1980-இல் அரசியல் கட்சிகளின் முன் அது இயக்கிக் காட்டப்பட்டது. பின்னர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் பணியில் இணைந்தது.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. அதிகாரியிடம் கட்டுப்பாட்டுக் கருவி. திரைமறைவில் வாக்களிக்கும் கருவி. இரண்டையும் இணைக்க 5 மீட்டர் கம்பி. மின்சாரம் இல்லாத ஊரிலும் மின்கலத்தால் இயங்கும். நிமிடத்துக்குச் சில வாக்குகளுக்கு மேல் பதிவாகாது. அதிகாரி பணி முடிந்ததற்கான பொத்தானை அழுத்திவிட்டால் அதன்பின் ஒரு வாக்கும் ஏறாது. சாவடியைக் கைப்பற்றுபவர்களுக்கு எதிராக அமைந்த தடைகள் இவை. இயந்திரத்தின் வெளி வடிவத்தை உருவாக்கியதில் மும்பை பவாயிலுள்ள ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா ஆகியோருக்குப் பங்குண்டு.

முதல் சோதனை, முதல் வழக்கு

1982 மே 19-ஆம் தேதி கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டது. தேர்தலுக்கு முன்பே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் வேட்பாளர் சிவன் பிள்ளை. அவரே 123 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். தோல்வியடைந்த ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார்.

1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளின் வாக்குப்பதிவை ரத்து செய்தது. இயந்திரம் பழுதானது என்பதற்காக அன்று. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதற்காக. மறுவாக்குப்பதிவில் ஜோஸ் வென்றார். தொழில்நுட்பம் தயாராக இருந்தும் சட்டத்துக்காக அது காத்திருக்க நேர்ந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மறுஆண்டு பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையிலான வல்லுநர் குழு இயந்திரத்தை ஆராய்ந்து, பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

இயந்திர உருவாக்கத்தில் ஆற்றிய பங்குக்காக ரங்கராஜனுக்கு வாஸ்விக் விருது வழங்கப்பட்டது. அறிவியலை ஊடகம் வழியே மக்களிடம் கொண்டுசென்றதற்காக 1993-இல் தேசிய அளவிலான விருதும் கிடைத்தது. ஜூனியர் விகடனில் ஏன்? எதற்கு? எப்படி? என்ற தலைப்பில் வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு விடையளித்தவர் அவர். கணினி என்ற சொல்லே புதிதாக இருந்த காலத்தில், நுட்பத்தை எளிய தமிழில் விளக்கினார். ரோஜா, இந்தியன், முதல்வன் உள்ளிட்ட திரைப்படங்களிலும் அவருடைய வசனம் ஒலித்தது.

1998-இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகியவற்றின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் இயந்திரம் மீண்டும் களமிறங்கியது. 2001-இல் தமிழ்நாடு முழுவதும், 2004 மக்களவைத் தேர்தலில் நாட்டின் 543 தொகுதிகளிலும் அதுவே வாக்கைப் பதிந்தது. 2008 பிப்ரவரி 27-ஆம் தேதி சென்னையில் தமது 72-ஆவது வயதில் சுஜாதா காலமானார்.

மறைவுக்குப் பின் எழுந்த கேள்விகள்

2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்கிரைப் ஆகிய ஆய்வாளர்கள், கைக்குக் கிடைத்த ஓர் இயந்திரத்தின் பாகத்தை மாற்றி, காட்டப்படும் முடிவைத் திருத்த முடியும் எனச் செய்து காட்டினர். அந்த இயந்திரம் மும்பையிலுள்ள அரசுக் காப்பறையிலிருந்து காணாமற்போனது எனக் கூறி, மும்பை காவல்துறை ஹரி பிரசாத்தைக் கைது செய்தது. காப்பறை, முத்திரை, முகவர்களின் கண்காணிப்பு ஆகியவற்றைக் கடந்து எவரும் இயந்திரத்தைத் தொட இயலாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. ஓர் இயந்திரம் வெளியே சென்றது எவ்வாறு என்பதே அப்போது மும்பையில் எழுந்த கேள்வி.

அதற்கு முந்தைய ஆண்டில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், நிபுணத்துவம் இல்லாத குடிமகனும் வாக்கு எண்ணிக்கையைச் சரிபார்க்க இயல வேண்டும் எனக் கூறி, அந்நாட்டில் பயன்பட்ட வாக்குக் கணினிகளை ஏற்க மறுத்தது. இந்தியா இயந்திரத்தைக் கைவிடவில்லை. காகிதத்தை அதனுடன் சேர்த்தது. 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் ஒப்புகைச் சீட்டு முதன்முறையாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அது இன்றியமையாதது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் தேர்வாகும் 5 சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்பட்டு, இயந்திரக் கணக்குடன் ஒப்பிடப்படுகின்றன. தாராவிக்கும் அதுவே நடைமுறை. அனைத்துச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும், சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள்கள் பாதுகாக்கவும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் கோரினால் 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கவும் அது வழிசெய்தது.

சுஜாதாவின் தலைமுறை எதிர்கொண்ட கேள்வி, சாவடியில் கூடும் வன்முறைக் கும்பலைத் தடுப்பது எப்படி என்பது. இன்றைய தலைமுறையின் கேள்வி, கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கையைக் குடிமகன் சரிபார்ப்பது எப்படி என்பது. முதல் கேள்விக்கு விடையாக அவருடைய நிறுவனம் தந்த கருவி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இரண்டாவது கேள்விக்கு, கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிகள் தெரியும் சீட்டும் அதை எண்ணும் கைகளும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன.