அடி வாங்கிய மாணவன் உருவாக்கிய ஜூடோ: யார் இந்த ஜிகோரோ கானோ?

குள்ளம், ஒல்லி, படிப்பில் கெட்டி. டோக்கியோ விடுதிப் பள்ளியில் பெரிய பையன்கள் சீண்டுவதற்கு இது போதாதா? அப்படி அடி வாங்கிய ஜிகோரோ கானோதான் பின்னாளில் ஜூடோவை உருவாக்கினார்.

வைத்தியரிடம் கற்ற வித்தை

1860-ல், இன்றைய கோபே நகரில் உள்ள மிகாகேவில், சாகே எனும் அரிசி மது தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் கானோ. தற்காப்புக்காக ஜுஜுட்சு கற்க ஆசைப்பட்டார். ஆனால், அது மெய்ஜி காலம். மேற்கத்திய மோகத்தில் சாமுராய் காலத்துக் கலைகளைச் சீந்த ஆளில்லை. ஆசான்கள் பலர் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்கள். அந்த வைத்தியர்களைத் தேடி அலைந்தே, 1877-ல் ஃபுகுடா ஹச்சினோசுகேவிடம் சீடராகச் சேர்ந்தார்.

12 பாய், ஒரு புதுக் கலை

1882-ல், 21 வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த அறையில் 'கோடோகன்' பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார் கானோ.

அப்படி என்ன மாற்றினார்? குத்து, உதை போன்ற ஆபத்தானவற்றை மோதல் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, 'கதா' எனும் ஒத்திகை வடிவத்தில் மட்டும் வைத்தார். அடிபடாமல் விழுவதற்கும் பயிற்சி கொடுத்தார். இதனால் எலும்பு உடையும் பயமில்லாமல் முழு வேகத்தில் மோத முடிந்தது.

இரண்டே கொள்கைகள்

முதலாவது, சக்தியை வீணாக்காமல் சரியாகப் பயன்படுத்துவது. எதிராளி தள்ளினால் பதிலுக்குத் தள்ளக் கூடாது. அவர் விசையோடு சேர்ந்து இழுத்தால் தானாகவே நிலைகுலைவார். அப்போது தூக்கி வீசுவது சுலபம்.

இரண்டாவது, இருவரும் சேர்ந்து வளர்வது. எதிரில் ஆள் நின்றால்தானே பயிற்சி? அவரைக் காயப்படுத்தினால் நஷ்டம் நமக்கும்தான்.

ஒலிம்பிக் கனவு

கானோவின் தொழில் ஆசிரியப் பணி. டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை 20 ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். கெய்ரோ கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், 1938 மே 4-ல் 'ஹிகாவா மாரு' கப்பலிலேயே 77 வயதில் காலமானார். சீனாவுடனான போர் காரணமாக இரண்டே மாதத்தில் அந்த ஒலிம்பிக் வாய்ப்பையே ஜப்பான் கைவிட்டது.

1964-ல்தான் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜூடோவும் முதல்முறையாக இடம்பிடித்தது. ஆனால், எடை வரம்பில்லாத பிரிவில் தங்கம் வென்றது ஜப்பானியர் அல்ல. கிட்டத்தட்ட 2 மீட்டர் உயர நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க். சொந்த மண்ணில் ஜப்பானுக்கு அது பெரிய அடிதான். ஆனால், 12 பாயில் தொடங்கிய கலை உலகத்துக்கே சொந்தமாகிவிட்டது என்பதற்கும் அதுவே சாட்சி.